படத்தில் ஒன்று, போர்டில் ஒன்று

திருப்பூரில் எலக்ட்ரானிக் போர்டு சர்வீஸ் செய்கிறேன். நிட்டிங் மெஷினின் கன்ட்ரோல் கார்டு, சாயப்பட்டறை ஸ்டெண்டரின் டிரைவ், பாய்லர் பேனலின் பவர் சப்ளை என்று கலவையாக வரும். மெஷின் ஜெர்மனியில் செய்ததாக இருக்கும், தைவானாக இருக்கும், ஜப்பானாக இருக்கும், இத்தாலியாக இருக்கும். கூடவே சர்க்யூட் டயகிராமும் வந்தால் அது பெரிய புண்ணியம். பாதிப் போர்டுகள் பஞ்சுத் தூசியை மட்டும்தான் துணைக்குக் கூட்டி வரும்.

டிப்ளமோ முடித்துவிட்டு என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்குக் குறியீடுகள் தெரியாமல் இல்லை. ரெக்கார்டு நோட்டில் ஸ்கேல் வைத்து அழகாக வரைந்தவர்கள்தான். டயோடு என்றால் முக்கோணமும் ஒரு கோடும், டிரான்சிஸ்டர் என்றால் வட்டத்துக்குள் அம்பு என்று கேட்டவுடன் போட்டுக் காட்டுவார்கள். போர்டைக் கையில் கொடுத்து, 'படத்தில் இருக்கிற அந்தக் கோடு இந்தப் பொருளின் உடம்பில் எங்கே இருக்கிறது?' என்று கேட்டால்தான் முழிப்பார்கள். சார்ட்டை ஒரு அறைச் சுவரிலும் பாகங்களை இன்னொரு அறை பீரோவிலும் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் வேறு என்ன ஆகும்? குறியீட்டையும் பொருளையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கட்சி. பிள்ளைகளிடம் அவ்வப்போது சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கரண்டுக்குத் தடை போடும் ரெசிஸ்டரில் ஆரம்பிக்கலாம், அதில் வம்பு குறைவு. நம் பாடப்புத்தகத்தில் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும் கோடு. அமெரிக்க டயகிராம்களிலும் அதேதான். ஐரோப்பாவில் வெறும் நீள்சதுரப் பெட்டி. ஐஇசி 60617 என்ற சர்வதேசத் தரமும் பெட்டியைத்தான் சொல்கிறது. நீளமான கம்பியை மடித்து மடித்து வைத்தால் தடை கூடும் என்பதை ரம்பப் பல் காட்டுகிறது. இன்றைக்கு கம்பிக் கால் இல்லாமல் போர்டின் மேலேயே ஒட்டியிருக்கும் எஸ்எம்டி ரெசிஸ்டரைப் பார்த்தால் பெட்டிதான் அதற்குச் சரியான படம். இதில் ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. பழைய ஜெர்மன் டயகிராமில் உள்ளே கறுப்பு நிரப்பிய பெட்டி இருந்தால் அது ரெசிஸ்டர் இல்லை, காயில், அதாவது கம்பிச் சுருள்.

மதிப்பு எழுதும் முறையில் ஐரோப்பியர்கள் புத்திசாலிகள். 4.7 கிலோ ஓமை '4கே7' என்று எழுதுவார்கள், 2.2 ஓமை '2ஆர்2' என்று. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து அதையும் போனில் படம் பிடித்து அனுப்பும் நம்மூர் டயகிராம்களில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். 4.7 என்பது 47 ஆனால் போர்டின் கதை என்ன ஆகும்! கம்பிகள் குறுக்கே போகும் இடத்திலும் இதே கதை. சந்திப்பில் புள்ளி இருந்தால் இணைப்பு, இல்லாவிட்டால் சும்மா தாண்டிப் போகிறது. ஜெராக்ஸில் ஒரு புள்ளி அழிந்தாலோ ஒரு ஈ எச்சம் விழுந்தாலோ அர்த்தமே மாறிவிடும். அதனால்தான் நன்றாக வரையத் தெரிந்தவர்கள் நாலு கம்பியை ஒரே புள்ளியில் சேர்க்க மாட்டார்கள். இரண்டு 'டி' வடிவச் சந்திப்புகளாகக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடுவார்கள். அப்போது புள்ளி போனாலும் இணைப்பு புரியும்.

அடுத்து டயோடு, கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் பாகம். முக்கோணத்தின் முனை ஒரு கோட்டில் போய் முட்டி நிற்கும். அந்தப் படம் சிலிக்கானுக்கெல்லாம் முந்திய காலத்தது. 1874இல் ஃபெர்டினாண்ட் பிரௌன் சில உலோக சல்ஃபைடு படிகங்களில் மின்சாரம் ஒரு பக்கமாக மட்டும் எளிதாகப் போவதைக் கவனித்தார். நம் ஜகதீஷ் சந்திர போஸ் கலீனா படிகத்தை வைத்து மின்னலைகளைக் கண்டுபிடிக்கும் கருவி செய்து, 1904இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். மெல்லிய கம்பி முனை ஒரு படிகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் அந்தக் காலத்து டயோடு. கிரிஸ்டல் ரேடியோக்காரர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முனையை நகர்த்தி நகர்த்தி நல்ல இடம் தேடுவார்கள். இப்போது படத்தைப் பாருங்கள், கூர்முனை ஒன்று தட்டையான ஒன்றைத் தொடுகிறது.

சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆட்டுவிக்கும் டிரான்சிஸ்டரின் கதை இதைவிட நன்றாக இருக்கும். 1947 டிசம்பர் 16ஆம் தேதி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டெய்னும் முதல் டிரான்சிஸ்டரை வேலை செய்ய வைத்தார்கள். ஜெர்மேனியத் துண்டு ஒன்று அடியில். அதன் மேல், ஒரு பிளாஸ்டிக் முக்கோணத்தின் விளிம்பில் ஒட்டிய தங்கத் தகட்டை நுனியில் கீறிப் பிரித்து, இரண்டு முனைகளாக்கி, ஸ்பிரிங் வைத்து அழுத்தியிருந்தார்கள். இரண்டு முனைகளும் மிக நெருக்கமாக அந்தத் துண்டைத் தொட்டன. இந்தக் காட்சியைத்தான் நாம் இன்றைக்கும் வரைகிறோம். தடித்த கோடுதான் ஜெர்மேனியத் துண்டு, அதாவது பேஸ். சாய்ந்து வந்து தொடும் இரண்டு கோடுகளும் அந்தத் தங்க முனைகள், எமிட்டரும் கலெக்டரும். சில வருஷங்களில் அதே ஆய்வகத்து ஷாக்லியின் ஜங்ஷன் டிரான்சிஸ்டர் வந்து அந்த அமைப்பையே ஓரங்கட்டிவிட்டது. உள்ளே இப்போது ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குகள். சாய்ந்து தொடும் முனை எதுவும் கிடையாது. படம் மட்டும் மாறவில்லை. லெவல் கிராசிங் எச்சரிக்கைப் பலகையில் இன்னும் புகை விடும் நீராவி எஞ்சின் நிற்கிறது, தண்டவாளத்தில் மின்சார ரயில் போகிறது. அது மாதிரிதான் இதுவும். சுற்றி இருக்கும் வட்டம், டிரான்சிஸ்டருக்கு முன்னால் அதன் வேலையைச் செய்த வால்வின் கண்ணாடிக் குடுவையிலிருந்து வந்த மிச்சம். இப்போது பலரும் அதைப் போடுவதே இல்லை.

பழங்கதையை ஏன் சொல்கிறேன் என்றால், குறியீட்டை உடம்பின் படம் என்று நினைத்துக்கொண்டு போர்டில் தேடக்கூடாது. உடம்பின் அடையாளங்களைத் தனியாகப் படித்தாக வேண்டும். டயோடில் அது சுலபம். படத்தில் இருக்கும் கோடு எதுவோ அதுதான் உடம்பில் இருக்கும் பட்டை. 1என்4007இன் கறுப்பு உடம்பில் வெள்ளிப் பட்டை, 1என்4148இன் கண்ணாடி உடம்பில் கறுப்புப் பட்டை, எஸ்எம்டியில் 'எம்7' என்று எழுதிய பெட்டியின் ஓரத்தில் ஒரு கோடு. மூன்றிலும் அந்தப் பக்கம்தான் கேத்தோடு, அதாவது கரண்ட் வெளியே போகும் முனை. (எம்7 வேறு யாருமில்லை, சாட்சாத் 4007தான், கால் இல்லாத வேஷம்.) குறிப்பிட்ட வோல்ட்டேஜில் பின்பக்கமாகவும் கரண்டை விடும் ஜீனர் டயோடு மட்டும் ஆளை ஏமாற்றும். படத்தில் கோட்டின் இரண்டு நுனியும் மடங்கி, பார்த்தவுடன் வித்தியாசம் தெரியும். போர்டில் அதே சின்னக் கண்ணாடி உடம்பு, அதே கறுப்புப் பட்டை. லென்ஸ் வைத்து எழுத்தைப் படிக்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது.

டிரான்சிஸ்டரில் உடம்பை நம்பவே கூடாது. பிசி547இன் தட்டைப் பக்கத்தை நம் முகம் பார்க்க வைத்து, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904ஐ அதே மாதிரி பிடித்தால் எமிட்டர், பேஸ், கலெக்டர். உடம்பு அச்சு அசல் ஒன்று, குறியீடும் ஒன்று, கால் மட்டும் தலைகீழ். காலேஜ் லேபில் எல்லோரும் கை வைத்திருக்கும் அந்தத் தகரத் தொப்பி எஸ்எல்100 இதில் நல்ல பிள்ளை. விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நாக்குக்குப் பக்கத்துக் கால் எமிட்டர், தொப்பியே கலெக்டர்.

சரி, மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் கண்டென்சருக்கு வருவோம். என் வேலையில் பாதி இதுதான்.

இரண்டு இணைகோடு, நடுவில் இடைவெளி. பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டிய எலக்ட்ரோலிடிக் என்றால் அமெரிக்கப் படத்தில் ஒரு கோடு வளைந்திருக்கும், வளைந்த பக்கம் மைனஸ். ஐரோப்பியப் படத்தில் இரண்டு பட்டைகள், வெறுமையான பட்டை பிளஸ், கறுப்பு நிரப்பியது மைனஸ். போர்டில் இருக்கும் அலுமினிய டப்பாவில் பக்கவாட்டில் ஓடும் பட்டை மைனஸ் பக்கத்தைக் காட்டும். இது வரைக்கும் பிள்ளைகளுக்கு மனப்பாடம். டான்டலம் கண்டென்சரில்தான் மாட்டிக்கொள்வார்கள். மஞ்சள் நிறத்தில் செங்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும் எஸ்எம்டி டான்டலத்தில் பட்டை பிளஸ் பக்கத்தில் இருக்கும். வேறு எங்கேயோ ஒரு தடவை சர்வீஸ் ஆகி என்னிடம் வந்த ஒரு கார்டில், வரிசையாக மூன்று டான்டலத்தையும் பட்டை மைனஸ் என்று நினைத்துத் திருப்பி வைத்திருந்தார்கள். ஒன்று வெடித்து, அடியில் போர்டு கரியாகி, உள் அடுக்குத் தடமும் போயிருந்தது. டான்டலம் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும், சாகும்போது தீயும் பிடிக்கும்.

எலக்ட்ரோலிடிக்கின் படம் சொல்லாமல் விடுவது நிறைய. படத்தில் இரண்டு தகடு. நிஜத்தில் ஒரு அலுமினியத் தாள்தான் அசல் தகடு. அதன் மேல் ஏறியிருக்கும் ஆக்சைடு படலம்தான் இடைவெளி. இன்னொரு தகடு காகிதத்தில் ஊறியிருக்கும் திரவம்! இரண்டாவது தாள் அந்தத் திரவத்துக்குக் கம்பி கொடுக்க மட்டுமே இருக்கிறது. இது தெரிந்தால் ஸ்டெண்டர் போர்டுகள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்று புரிந்துவிடும். துணியைச் சூட்டில் காயவைக்கும் மெஷின் அது, பேனலும் சேர்ந்து வேகும். திரவம் மெதுவாக ஆவியாகும், தகடு தானே காய்ந்துபோகும். டப்பாவில் '105 டிகிரி' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் நிம்மதி அடைகிறார்கள். சாதாரண ரகத்தில் அந்தச் சூட்டில் அதற்குச் சொல்லியிருக்கும் ஆயுள் 2000 மணி நேரம் மாதிரிதான் இருக்கும். நாள் முழுக்க ஓடும் மெஷினுக்கு மூன்று மாதம்கூட இல்லை. 10 டிகிரி குறைத்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. ஆகவே கண்டென்சரை மாற்றுவதோடு பேனலின் எக்ஸாஸ்ட் ஃபேனையும் மாற்றுங்கள் என்று ஒவ்வொரு முதலாளியிடமும் கெஞ்சுகிறேன். கண்டென்சர் பில்லைத்தான் கட்டுகிறார்கள்.

காய்ந்த கண்டென்சரை மல்டிமீட்டரில் வைத்தால் மைக்ரோஃபாரட், அதாவது அதன் கொள்ளளவு, கிட்டத்தட்டச் சரியாகவே காட்டலாம். உள்ளே ஏறியிருப்பது ஈஎஸ்ஆர், அதாவது கண்டென்சரோடு தொடராக ஒளிந்திருக்கும் ஒரு தடை. எந்த டயகிராமும் அதை வரைவதில்லை. ஈஎஸ்ஆர் மீட்டர் வாங்கிய பிறகு என் வேலை நேரம் பாதியானது. சீலிங் ஃபேனின் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சருக்கு இந்தக் கதை பொருந்தாது. அது பிளாஸ்டிக் ஃபிலிம், ஆண்டாண்டாக மதிப்பு குறைந்துகொண்டே வரும், ஃபேன் மெதுவாகச் சுற்றும். அதற்கு மீட்டர் கூட வேண்டாம், அம்மா சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று, படத்தில் எல்லாக் கண்டென்சரும் ஒரே அளவு. 10 வோல்ட்டில் இருப்பதும், 230 வோல்ட் மெயினை டிசி ஆக்கிய பின் வரும் 325 வோல்ட்டைப் பிடித்து வைத்திருப்பதும் ஒரே இரண்டு கோடு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த 325 உள்ளே உட்கார்ந்திருக்கும். மெயின் நுழையும் இடத்தில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இருப்பது எக்ஸ் ரகம், எர்த்துக்குப் போவது ஒய் ரகம். ஒய் ரகம் ஷார்ட் ஆனால் மெஷின் பாடியில் கரண்ட் வரும், அதனால் கெட்டாலும் ஓப்பனாகக் கெடும்படி தனியாகச் செய்கிறார்கள். அந்த இடத்தில் கையில் கிடைத்த நீலக் கண்டென்சரைப் போட்டுச் சாலிடர் வைப்பவர்களை நான் மன்னிப்பதில்லை. நல்ல சர்வீஸ் மேனுவலில் இந்த மாதிரிப் பாகங்களுக்குப் பக்கத்தில் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி இருக்கும். அதே ரகத்தை மட்டும் போடு என்பதற்கான குறி அது.

நீலம் என்றதும் மெயின் பக்கத்து வட்டுகள் ஞாபகம் வருகின்றன. இங்கே படம்தான் நமக்குக் கண். ஒய் கண்டென்சர், எம்ஓவி, என்டிசி மூன்றும் பட்டன் மாதிரி ஒரே தினுசு வட்டுகள். கண்டென்சருக்கு இரண்டு கோடு. எம்ஓவிக்கும் என்டிசிக்கும் பெட்டியைக் குறுக்கே வெட்டிப் போய் நுனியில் மடங்கும் கோடு, பக்கத்தில் வோல்ட்டேஜுக்கு 'யு' என்றோ வெப்பத்துக்கு 'டி' என்றோ ஒரு எழுத்து. மெயினுக்கு இணையாக இருந்தால் எம்ஓவி, வோல்ட்டேஜ் எகிறினால் தன்னைப் பலி கொடுக்கும். தொடராக இருந்தால் என்டிசி, ஸ்விட்ச் போடும் அந்தக் கணத்தின் கரண்டைத் தடுக்கும். மேலே எழுதியிருப்பதைப் படிப்பதிலும் ஒரு விளையாட்டு உண்டு. எம்ஓவியில் '14டி471' என்றால் 14 மில்லிமீட்டர் வட்டு, 470 வோல்ட். என்டிசியில் '5டி-9' என்றால் 5 ஓம், 9 மில்லிமீட்டர். ஒன்றில் 'டி'க்கு முன்னால் அளவு, இன்னொன்றில் தடை. யார் வைத்த வழக்கமோ!

போன மாதம் சேர்ந்த தம்பி ஒரு பேனல் டயகிராமை விரித்து வைத்துக்கொண்டு, "அக்கா, இந்த ஷீட்ல எதுக்குங்க இத்தனை கண்டென்சர் போட்டிருக்காங்க? பாதி வேரியபிள் வேற" என்றான். அது லேடர் டயகிராம், மெஷின் கன்ட்ரோலை ஏணிப்படி மாதிரி வரையும் படம். அதில் இரண்டு இணைகோடு என்றால், காயிலில் கரண்ட் வந்தால் மாறும் ஸ்விட்சான ரிலேயின் நார்மலி ஓப்பன் கான்டாக்ட், அதாவது கரண்ட் இல்லாதபோது திறந்திருப்பது. குறுக்கே சாய்கோடு போட்டால் நார்மலி குளோஸ்டு. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வந்தால் அப்படித்தான் தெரியும், பையனைச் சொல்லிக் குற்றமில்லை. ஜெர்மன் பேனலில் இந்தக் குழப்பம் கிடையாது, கான்டாக்ட்டை ஸ்விட்ச் மாதிரியே போடுவார்கள். ஆனால் காயில் மூன்றாம் பக்கத்தில், அதன் கான்டாக்ட் பதினோராம் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் சேர்ப்பது பெயரும் எண்ணும்தான். காயிலுக்கு ஏ1, ஏ2. கான்டாக்ட் எண்ணின் கடைசி இலக்கம் 1, 2 என்றால் குளோஸ்டு, 3, 4 என்றால் ஓப்பன். ஆக 13-14 ஓப்பன், 21-22 குளோஸ்டு. மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் வெட்டிவிடும் ஓவர்லோடு ரிலேயில் 95-96 குளோஸ்டு, ஸ்டார்ட்டர் காயிலோடு தொடராகப் போவது இதுதான். மோட்டார் ஸ்டார்ட்டர் கட்டும் எலக்ட்ரீஷியன் அண்ணன்களுக்கு இதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். பட்டதாரிகளுக்குத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்புறம், இந்தப் படங்கள் எல்லாமே கரண்ட் இல்லாத நிலையில் வரைந்தவை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது படத்தில் திறந்திருப்பது மூடியிருக்கலாம், மூடியிருப்பது திறந்திருக்கலாம். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் டெஸ்டரை எடுக்க வேண்டும்.

எர்த் குறியீட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்எம்பிஎஸ் என்ற ஸ்விட்சிங் பவர் சப்ளையின் படத்தில் டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கம் ஒரு கிரவுண்டு, அந்தப் பக்கம் ஒரு கிரவுண்டு, இரண்டுக்கும் வேறு வேறு வடிவம் போட்டிருப்பார்கள். ஒன்று வெற்று முக்கோணம், ஒன்று கோடுகள், இப்படி. மெயின் பக்கத்துக் கிரவுண்டில், அலைவடிவம் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் கிளிப்பை மாட்டினால், அந்தக் கிளிப் ஸ்கோப் வழியாக எர்த்துக்குப் போவதால், படார். நடுவில் இருக்கும் பிசி817 ஆப்டோகப்ளரின் படம் மட்டும் ரொம்ப நேர்மையானது. எல்இடி ஒரு பக்கம், ஒளி வாங்கும் டிரான்சிஸ்டர் ஒரு பக்கம், நடுவில் அம்புகள், கம்பி இல்லை. உள்ளேயும் அப்படியேதான்.

ஒரு சில்லுக்குள் முழுச் சர்க்யூட்டையே அடக்கிய ஐசிக்களின் படத்தில் இல்லாததையும் பார்க்கப் பழக வேண்டும். எல்எம்324 என்றால் ஒரே உடம்பில் நாலு ஆம்ப்ளிஃபயர். படத்தில் நாலு முக்கோணங்கள் நாலு மூலையில் கிடக்கும். சப்ளை போகும் 4ஆம் காலும் கிரவுண்டு ஆகும் 11ஆம் காலும் எந்த முக்கோணத்திலும் இல்லாமல் போகலாம். அதே மாதிரி கடைசிப் பக்கத்து ஓரத்தில் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர்கள் இருபது, முப்பது வரிசையாக நிற்கும். ஏதோ மிச்சமானதை ஒதுக்கி வைத்த மாதிரி தெரியும். போர்டில் அவை ஒவ்வொன்றும் ஒரு ஐசியின் சப்ளைக் காலுக்கு ஒட்டி உட்கார்ந்திருக்கும், உட்கார்ந்தே ஆக வேண்டும். எவ்வளவு பக்கத்தில் என்பதைச் சொல்ல அந்தப் படத்துக்கு வழியில்லை. தூரம் என்ற ஒன்றே அதில் கிடையாது.

டயகிராம் இல்லாத போர்டுக்கு நானே வரைந்துகொள்வேன். மல்டிமீட்டரைப் பீப்பில் வைத்துத் தடம் தடமாகப் பிடித்து, கிராஃப் நோட்டில் பென்சிலில். ரெசிஸ்டருக்கு ரம்பப் பல்தான் போடுவேன், கை அப்படிப் பழகிவிட்டது. மெயின் பக்கம் முழுக்கச் சிவப்பு. ஐசிக்கு போர்டில் இருக்கும் கால் வரிசையிலேயே பெட்டி. கம்பெனிப் படங்களில் உள்ளே வருவது இடது, வெளியே போவது வலது என்று கால்களை மாற்றி அடுக்கியிருப்பார்கள், படிக்க அழகு. ப்ரோப் வைக்கும்போது எனக்கு அது உதவாது.

இப்போது மேஜையில் இருக்கும் பவர் சப்ளையில் ஆறு கால் ஐசி ஒன்றின் மேல் எழுத்தைச் சுரண்டி எடுத்து அனுப்பியிருக்கிறார்கள் செய்தவர்கள். பெட்டி போட்டுக் கேள்விக்குறி வைத்தேன். 1ஆம் கால் மெயின் பக்கத்துக் கிரவுண்டு. 2ஆம் கால் ஆப்டோகப்ளருக்குப் போகிறது. 4ஆம் கால், மாஸ்ஃபெட் என்ற ஸ்விட்ச் டிரான்சிஸ்டரின் சோர்ஸ் காலில் இருக்கும் ஒரு ஓமுக்கும் குறைந்த ரெசிஸ்டருக்கு. 5ஆம் கால் டிரான்ஸ்ஃபார்மரின் தனிச் சுற்றிலிருந்து டயோடு வழியாகச் சப்ளை வாங்குகிறது. 6ஆம் கால் சின்ன ரெசிஸ்டர் வழியாக மாஸ்ஃபெட்டின் 'கேட்' காலுக்கு. பக்கத்து வீட்டுக்காரர்களை வைத்தே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது, எஸ்எம்பிஎஸ்ஸை ஓட்டும் ஓபி2263 குடும்பம். 3ஆம் கால் மட்டும் ஒரு ரெசிஸ்டரோடு கிரவுண்டுக்கு இறங்குகிறது. அந்தக் குடும்பத்தில் அது ஆசிலேட்டர் வேகத்தைத் தீர்மானிக்கும் கால். சென்னை ரிச்சி தெருவுக்கு ஐந்து ஐசி ஆர்டர் போட்டிருக்கிறேன், பார்சல் வியாழக்கிழமை வரும்.